பழமை பேணிய தலைவர்: சேர் பொன்னம்பலம் இராமநாதன்

அரசியல் உலகிலே தலைவர்கள் இருவகைப்படுவர். உள்ளதை மாற்றிப் புதியதொன்றை விரைந்து காண விழைவோர் ஒரு வகையினர். முன்னோர் தேடிவைத்த நன்மைகள் மாற்றத்தின் வேகத்திலே அழிந்துபோகாமற் காக்க முற்படுவோர் மற்றொரு வகையினர். முதல் வகையினருக்குக் கிடைக்கும் புகழ் இரண்டாம் வகையினருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வென்ற கொள்கையின் பக்கத்தில் நின்றவரை உலகம் எளிதில் நினைவு கூர்கின்றது. தோற்ற கொள்கைக்காக வாதாடியவரையோ மறந்துவிடுகின்றது. அல்லது அவர் கூறியவற்றுள் ஒரு பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கின்றது.

இலங்கையிலே பழமை பேணும் அரசியலுக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாக விளங்கியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். அவருடைய வாழ்க்கையில் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. 1915ஆம் ஆண்டிலே இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு ஆளான சிங்கள மக்களுக்காகத் தேசாதிபதியின் முன்னிலையில் அஞ்சாது வாதாடியவர் அவர். அவரே 1930ஆம் ஆண்டில், எழுபத்தொன்பது வயதில், கடல் கடந்து இலண்டன் சென்று, இலங்கையின் பொதுமக்கள் எல்லாருக்கும் வாக்குரிமை வழங்குதல் தகாது என்று விண்ணப்பித்தார். மக்களுக்காகப் போராடிய ஒருவர் மக்களின் வாக்குரிமையை எதிர்த்தது எவ்வாறு? மனம் மாறியதனாலா? அன்று. இரண்டும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை. அந்தக் கொள்கை யாது, அதன் வலிமை எது, அதன் குறை எது என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறே விளக்கிக் காட்டும்.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 16ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்தவர். கொழும்புக் கச்சேரியிலே காசாளராகக் கடமையாற்றியவர். தாயார் செல்லாச்சி அம்மையார், ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியாரின் புதல்வி. இந்தக் குமாரசுவாமி முதலியாரே 1833ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையிலே தமிழ் மக்களின் முதற் பிரதிநிதியாக 1835இல் அமர்ந்தவர். அவருடைய மைந்தர் சேர் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். 1862 முதல் 1879 வரை அதே சபையிலே தமிழர் பிரதிநிதியாக இருந்தவர். அவருடைய புதல்வரே கலை உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி. இராமநாதனின் தமையனார் பொன்னம்பலம் குமாரசுவாமி. தம்பியார் பொன்னம்பலம் அருணாசலம். பாட்டனார், மாமனார், மருகர் என மூன்று தலைமுறையினர் ஒரே சபையில் அமர்ந்த குடும்பம் அது. ஆளும் பொறுப்பு என்பது வழிவழியாகக் கையளிக்கப்படும் ஒரு கடமை என்ற எண்ணம் இராமநாதனுக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. தாம் பிறந்த வீட்டிலேயே அதனை அவர் கண்டு வளர்ந்தார்.

கொழும்பு அக்கடமியிலும், பின்னர் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கல்வி பயின்றார். அதன்பின் சேர் றிச்சட் மோர்கன் என்னும் புகழ்பெற்ற சட்ட அறிஞரிடம் சட்டம் கற்று நியாயதுரந்தரரானார். வழக்குரைப்பதிலே மட்டுமன்றி, உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடுவதிலும் அவர் ஊக்கம் காட்டினார். முன்னைய நீதிபதிகள் எவ்வாறு தீர்த்தனர் என்பதை அறிந்த பின்னரே இன்றைய வழக்கைத் தீர்க்க வேண்டும் என்பது சட்டத்துறையின் அடிப்படை. பழைய தீர்ப்புக்கு மதிப்புக் கொடுக்கும் இந்தப் பயிற்சி அவருடைய அரசியற் போக்கையும் உருவாக்கிற்று எனலாம்.

1879ஆம் ஆண்டிலே சேர் முத்துக்குமாரசுவாமி காலமானபோது அவருடைய இடத்துக்கு யாரை நியமிப்பது என்ற கேள்வி எழுந்தது. அக்காலத்திலே தேர்தல் இல்லை. தேசாதிபதியே உறுப்பினரை நியமிப்பார். யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் அவர்கள் கூட்டம் கூட்டி, இருபத்தெட்டு வயதினரான இராமநாதனையே நியமிக்க வேண்டுமென்று ஆதரவு திரட்டினார். நாவலர் பெருமான் தம் வாழ்நாளின் கடைசி ஆண்டிலே செய்த பணிகளுள் இதுவும் ஒன்று. இராமநாதனும் நியமனம் பெற்றார். 1892 வரை அப்பதவியில் இருந்தார்.

அந்தக் காலப்பகுதியிலே நிகழ்ந்த ஒரு சம்பவம் கொழும்பு நகரத்தார் அறிந்திருக்க வேண்டியது. 1883ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆந் திகதி, கத்தோலிக்கரின் உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, கொட்டாஞ்சேனையிலுள்ள பௌத்த விகாரையை நோக்கி வந்த ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டது. பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே பெருங் கலவரம் மூண்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்று பௌத்த மக்கள் மனம் புழுங்கினர். கேணல் ஒல்கொற் அவர்கள் 1884இல் இலண்டன் சென்று அவர்களுடைய குறைகளை எடுத்துரைத்தார். அதன் பயனாக 1885ஆம் ஆண்டில் வைகாசி விசாக தினமாகிய வெசாக் அரசாங்க விடுமுறையாயிற்று. சைவராகிய இராமநாதன் இக்கோரிக்கையை ஆதரித்து நின்றார். ஒவ்வொரு சமயத்தவரும் தத்தம் சமயத்திலே உறுதியாக நிற்றல் வேண்டும். அரசு அதற்கு இடமளித்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. எல்லாச் சமயங்களையும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டும் என்று அவர் கூறவில்லை. ஒவ்வொன்றும் தன் வேரிலே நின்று தழைக்க வேண்டும் என்றார். பழமை பேணும் அரசியலின் பெருந்தன்மை இவ்விடத்திலே வெளிப்படுகின்றது.

ஆயின் அதே அரசியலின் மற்றொரு முகத்தையும் மறைத்தல் முறையன்று. 1888ஆம் ஆண்டிலே றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில், இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்தார். மொழி, பழக்கவழக்கம் முதலியவற்றை ஆதாரமாகக் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே. சமயத்தால் மட்டுமே வேறானவர் என்பது அக்கட்டுரையின் முடிபு. சபையிலே தமக்கெனத் தனிப் பிரதிநிதி வேண்டுமென்று சோனகர் எதிர்பார்த்திருந்த வேளையில் இவ்வாறு கூறியதனை அவர்கள் ஆராய்ச்சியாக மட்டும் கொள்ளவில்லை. ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அவர்கள் 1907இல் இதற்கு விரிவான மறுப்பு எழுதினார். தாம் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்தச் சமூகத்துக்கே உரியது. ஒரு சமூகத்தின் பெயரை அதன் சார்பிற் பிறர் தீர்மானித்தல் எத்துணை மனத்தாங்கலை உண்டாக்கும் என்பதை இராமநாதன் போதிய அளவு உணரவில்லை.

1892ஆம் ஆண்டிலே அவர் சபையிலிருந்து விலகி, சொலிசிற்றர் ஜெனரல் என்னும் உயர்பதவியை ஏற்றுப் பல்லாண்டு கடமையாற்றினார். இக்காலத்திலே அவருடைய உள்ளம் ஆன்மிக நெறியிலே ஆழ்ந்து சென்றது. தஞ்சையைச் சேர்ந்த அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். சைவசித்தாந்தத்திலே தோய்ந்த அவர் மத்தேயு, யோவான் ஆகியோரின் சுவிசேஷங்களுக்கு இந்திய ஞானமரபின் வழியே விளக்கம் கூறினார். பரானந்தர் என்ற பெயரால் 1898இலும் 1902இலும் அவ்விளக்கங்கள் ஆங்கில நூல்களாக வெளிவந்தன. அவற்றைப் பதிப்பித்த ஆஸ்திரேலிய அம்மையாரே பின்னர் லீலாவதி இராமநாதன் என்ற பெயருடன் அவருடைய துணைவியாரானார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று அவர் ஆற்றிய சொற்பொழிவுகளும் நூல்வடிவம் பெற்றன.

அமெரிக்காவினின்று மீண்ட பின் அவர் மேற்கொண்ட பெரும் பணி கொச்சிக்கடையிலுள்ள ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத் திருப்பணியாகும். அவ்வாலயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தாபித்தவர் அவருடைய தந்தையாராகிய பொன்னம்பல முதலியார். அதனைக் கருங்கற் கோயிலாக்க இராமநாதன் திருவுளங்கொண்டு 1907இலே வேலையைத் தொடங்கினார். தென்னிந்திய மரபின்படி தூண்களும் மண்டபங்களும் கருங்கல்லிலே அமைக்கப்பட்டன. 1912இலே குடமுழுக்கு நிறைவேறிற்று. துறைமுகத்தின் இரைச்சலும் வண்டிகளின் ஓசையும் நிறைந்த கொட்டாஞ்சேனைப் பகுதியிலே, நகரம் எத்தனை முறை மாறினாலும் தான் மாறாது நிற்பதொன்றை நிலைநாட்ட வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். தந்தை செங்கல்லிற் கண்ட கனவை மைந்தன் கருங்கல்லிலே முடித்தார். அவருடைய அரசியற் கொள்கையும் இத்தகையதே: முன்னோர் கட்டியதை இடித்துவிடாமல், அதனை மேலும் உறுதியாக்குதல்.

இதற்கிடையே அரசியல் அமைப்பிலும் ஒரு புதுமை புகுந்தது. 1910ஆம் ஆண்டின் சீர்திருத்தப்படி, கல்வித் தகைமையுடைய இலங்கையர் தம்முள் ஒருவரைச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவு செய்யலாம் என்று விதிக்கப்பட்டது. நாட்டின் சனத்தொகை அப்போது ஏறக்குறைய 41 இலட்சம். வாக்காளராகப் பதிந்தவர்களோ மூவாயிரம் பேரளவினரே. 1911ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த அத்தேர்தலிலே, வைத்திய கலாநிதி மார்க்கஸ் பெர்னாண்டோவை எதிர்த்து நின்று இராமநாதன் பெருவெற்றி பெற்றார். வாக்காளரிலே பெரும்பாலார் சிங்களவர். தமிழர் ஒருவரை அவர்கள் தெரிந்தெடுத்தமை அக்காலத்து ஒற்றுமைக்குச் சான்று என்று கூறுவது வழக்கம். அது ஓரளவிற்கு உண்மையே. எனினும் வரலாற்றாசிரியர் மற்றொரு காரணத்தையும் எடுத்துக்காட்டுவர். மார்க்கஸ் பெர்னாண்டோ கராவ குலத்தவர். கொவிகம குலத்துச் சிங்களவர் பலர், அவருக்கு வாக்களிப்பதிலும் வேளாள குலத்துத் தமிழராகிய இராமநாதனுக்கு வாக்களிப்பதையே மேலாகக் கருதினர். படித்தவர்க்கு மட்டுமே வாக்குரிமை இருந்தும் சாதி எண்ணம் அகலவில்லை. கல்வி ஒன்றே மனிதரைப் பொதுநலம் நாடுவோராக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தத் தேர்தலே ஓர் எதிர்ச்சான்று. இராமநாதன் அதனைக் கவனித்தாரல்லர்.

1915ஆம் ஆண்டு வந்தது. மே மாத இறுதியில் கண்டி நகரிலே பௌத்த ஊர்வலமும் பள்ளிவாசலும் தொடர்பாக எழுந்த பிணக்குச் சிங்கள முஸ்லிம் கலகமாக மூண்டு பல மாவட்டங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இக்கலகம் தம் ஆட்சிக்கு எதிரான சதியோ என்று அஞ்சிய அரசாங்கத்தார் யூன் மாதத் தொடக்கத்திலே இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தனர். அதன்பின் நிகழ்ந்தவை கலகத்தினுங் கொடியன. விசாரணையின்றிச் சுடப்பட்டோர் உளர். இராணுவ நீதிமன்றங்களால் மரண தண்டனை விதிக்கப்பட்டோர் உளர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் யூலை மாதம் 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். மதுவிலக்கு இயக்கத்திலே ஈடுபட்டிருந்த எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலிய சிங்களப் பெருமக்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். ஊர்தோறும் மக்களிடமிருந்து நட்டஈடு என்ற பெயரால் பணம் அறவிடப்பட்டது.

அரசாங்கத்தின் செயலை வெளிப்படையாகக் கண்டிப்பதற்குப் பலரும் அஞ்சி வாய்மூடி இருந்த அவ்வேளையிலே, அறுபத்துநான்கு வயதினரான இராமநாதன் சபையிலே எழுந்தார். அதிகாரிகள் செய்தவற்றுக்கெல்லாம் சட்டப் பாதுகாப்பு அளிக்கும் மசோதா ஒன்று சபைக்கு வந்தபோது அதனை அவர் கடுமையாக எதிர்த்துப் பேசினார். ஒவ்வொரு சம்பவத்தையும் நாளும் இடமும் குறித்து எடுத்துரைத்தார். பின்பு இங்கிலாந்து சென்று மேலதிகாரிகளிடம் முறையிட்டார். அவருடைய உரைகளின் தொகுப்பு 1916இலே ஆங்கில நூலாக இலண்டனில் வெளியாயிற்று. தேசாதிபதி சாமேர்ஸ் நாட்டை விட்டுச் சென்றார்; புதிதாக வந்த தேசாதிபதி சேர் ஜோன் அண்டர்சன் முன்னைய அத்துமீறல்களைக் கண்டித்தார். இராமநாதன் கொழும்புக்குத் திரும்பியபோது, அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெருமக்களே அதனை இழுத்துச் சென்றனர் என்ற செய்தி தலைமுறைதோறும் சொல்லப்பட்டு வருகின்றது.

அந்த உரைகளிலே இராமநாதன் கூறிய நியாயம் யாது? பிரித்தானிய ஆட்சியே ஒழிய வேண்டும் என்று அவர் கூறினாரல்லர். பிரித்தானியச் சட்டத்தையே பிரித்தானிய அதிகாரிகள் மீறிவிட்டனர் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. சட்டம் ஆளப்படுவோரை மட்டுமன்று, ஆள்வோரையும் கட்டுப்படுத்தும். நீண்ட காலமாக வந்த நீதிமுறையை ஓர் இரவிலே ஒதுக்கிவைக்க எந்தத் தேசாதிபதிக்கும் உரிமையில்லை. புரட்சிக்காரர் ஒருவர் இவ்வாறு வாதாடியிருந்தால் அவரை ராஜத்துரோகி என்று எளிதிற் சிறையிட்டிருப்பர். இராமநாதனுடைய வாயை அடைக்க இயலவில்லை. பழமை பேணுபவரின் வலிமை இதுவே. ஆள்வோர் தம் கையாலேயே எழுதிய சட்டத்தை எடுத்து அவர்கள் முன்னே அவர் விரித்துக் காட்டினார்.

எனினும் அவ்வாண்டிலே உடைமை இழந்தவர்கள் முஸ்லிம்களே. அவர்களுடைய துயரத்துக்கு இராமநாதனின் உரைகளிலே போதிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்திலே நெடுநாள் இருந்தது. 1888ஆம் ஆண்டுக் கட்டுரையின் நினைவும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஒரு சமூகத்துக்கு நீதி கேட்டவரை மற்றொரு சமூகம் ஐயத்தோடு நோக்கியது என்பதும் வரலாறே.

இராமநாதனின் பழமைப்பற்று வெறும் சொல்லளவில் நிற்கவில்லை. மிஷனரிமாரின் பாடசாலைகளே சிறந்து விளங்கிய யாழ்ப்பாணத்திலே, சைவச் சூழலில் உயர்ந்த ஆங்கிலக் கல்வி அளிக்கும் நிலையங்கள் வேண்டும் என்று கருதி, மருதனார்மடத்திலே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை 1913இலும், திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியை 1921இலும் தாபித்தார். பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவர் இட்ட அடித்தளத்தின் மீதே எழுந்து நிற்கின்றது.

இத்தகைய அரசியல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அந்நியர் ஆட்சியிலே வாழ்ந்த வேறு நாடுகளிலும் இதனைக் காணலாம். போலந்து தேசம் மூன்று பேரரசுகளால் கூறாடப்பட்டிருந்த காலத்திலே, 1863ஆம் ஆண்டின் கிளர்ச்சி தோல்வியுற்ற பின், கிராக்கோ நகரத்துப் பழமைவாதிகள் ஒரு முடிவுக்கு வந்தனர். கிளர்ச்சியினால் இளைஞரின் உயிரே வீணாகின்றது. ஆஸ்திரியப் பேரரசுக்கு விசுவாசமாக இருந்து, அதற்கு ஈடாகத் தம் மொழிக்கும் கல்விக்கும் உள்ளூராட்சிக்கும் உரிமை பெறுவோம் என்றனர். அவ்வாறே பெற்றனர், கிராக்கோ நகரம் போலந்துக் கல்விக்கும் கலைக்கும் புகலிடமாயிற்று. ஆனால் உழவரும் தொழிலாளரும் வாக்குரிமை கேட்டபோது அவர்கள் தயங்கினர். 1907இலே ஆஸ்திரியாவில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்ததும் அவர்களுடைய செல்வாக்குத் தளர்ந்தது. இராமநாதனின் கதையும் ஏறக்குறைய இப்பாதையிலேயே சென்றது.

அவருடைய தம்பியாராகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் வேறு வழியில் நடந்தார். தொழிலாளர் நலனிலும் சமூக சேவையிலும் ஈடுபட்ட அவர் 1919ஆம் ஆண்டு இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல்மாகாணத்திலே வாழும் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படும் என்று சிங்களத் தலைவர்கள் அளித்த வாக்குறுதியை நம்பியே அவர் வடபகுதித் தமிழரையும் அவ்வியக்கத்திலே சேர்த்தார். அவ்வாக்குறுதி நிறைவேறாதபோது 1921இலே மனமுடைந்து விலகினார், 1924இலே காலமானார். ஒற்றுமையின் பெருந்தூதரே ஏமாற்றம் அடைந்தார் என்பது இராமநாதனின் உள்ளத்திலே ஆழப் பதிந்திருக்க வேண்டும். 1924ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே மேல்மாகாணத் தமிழர் ஆசனம் இறுதியாக இடம்பெற்றது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நகரின் பிற பகுதிகளிலும் வாழ்ந்த தமிழருக்குச் சபையிலே தம்மவர் ஒருவரைக் காணும் வாய்ப்பு அதனாற் கிடைத்தது. இராமநாதனும் 1921இலே சேர் பட்டம் பெற்று, 1924 முதல் வடமாகாணத் தொகுதி ஒன்றின் பிரதிநிதியாகச் சபையில் அமர்ந்திருந்தார்.

1927ஆம் ஆண்டின் இறுதியிலே டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழு ஒன்று இலங்கைக்கு வந்தது. அக்காலத்திலே வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே. காங்கிரஸ் தலைவர்களும் அதனைப் பெரிதும் விரிவாக்க விரும்பவில்லை. தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவே சர்வசன வாக்குரிமை வேண்டுமென்று வற்புறுத்தினார். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தாரும் சாட்சியம் அளித்தனர். தோட்டங்களிலே உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர்ப் பிரபு வினவியபோது, அவர்களும் பெண்களே, ஆதலால் வேண்டும் என்று அக்னஸ் டி சில்வா அம்மையார் விடையளித்தார்.

1928இலே வெளியான அறிக்கை நாட்டையே வியப்பிலாழ்த்தியது. வாக்குரிமை எல்லார்க்கும் வழங்கப்பட வேண்டும். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்பட வேண்டும். பிரதேசவாரியாகவே உறுப்பினர் தெரிவு செய்யப்பட வேண்டும் என்று அது விதந்துரைத்தது. இராமநாதன் இம்மூன்றையும் எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பை ஒன்றாகவே கொண்டு புகழ்வோரும் உளர். ஒன்றாகவே கொண்டு இகழ்வோரும் உளர். உண்மையில் அதிலே இரண்டு வாதங்கள் அடங்கியிருந்தன. அவற்றை வேறு பிரித்து நிறுத்தால் அன்றி நீதி வழங்க முடியாது.

முதலாவது வாதம் யார் வாக்களிக்கத் தகுந்தவர் என்பது பற்றியது. கல்வியும் உடைமையும் இல்லாதார் கையிலே அதிகாரம் சென்றால், மக்களை மயக்கிப் பேசுவோரே ஆள்வர் என்று அவர் அஞ்சினார். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட குலத்தவர்க்கும் வாக்களித்தல் சமுதாயத்தின் பழைய ஒழுங்கைக் குலைக்கும் என்றும் எண்ணினார். பெண்களுக்கெனக் கல்லூரி கண்ட பெருமகன், அக்கல்லூரியிலே பயின்று வெளியேறும் பெண் தன் நாட்டின் ஆட்சியிலே கருத்துக் கூறலாகாது என்று கருதியது விந்தையே. ஏழைகளின் நலனை உயர்ந்தோர் கவனித்துக்கொள்வர் என்பது அவர் நம்பிக்கை. அவரைப் பொறுத்தவரை அது வெற்றுரையன்று. 1915இலே அவர் அவ்வாறே செய்தார். ஆனால் இராமநாதன் போன்ற ஒருவர் தலைமுறைக்கு ஒருவராகவே தோன்றுவர். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும், கிணற்றிலே நீரள்ளத் தடுக்கப்பட்டவனுக்கும் பழைய ஒழுங்கு என்பது காக்கத்தகுந்த செல்வமாக இருக்கவில்லை.

இரண்டாவது வாதம் வேறுவகையானது. எண்ணிக்கையிற் குறைந்த சமூகங்களுக்குத் தக்க காப்பு வைக்காமல், எண்ணிக்கையை மட்டுமே அதிகாரத்தின் அளவுகோலாகக் கொண்டால், பெரும்பான்மைச் சமூகத்தின் விருப்பமே நாட்டின் சட்டமாகிவிடும் என்பது அது. இதற்குச் சாதியோ, ஆண் பெண் வேற்றுமையோ காரணமன்று. எல்லார்க்கும் வாக்குரிமை அளித்துவிட்டும் இக்கேள்வியைக் கேட்கலாம். ஆனால் இராமநாதன் இரண்டையும் ஒரே முறையீட்டில் இணைத்துவிட்டமையால், முதலாவதன் பலவீனம் இரண்டாவதையும் பாதித்தது. உயர்ந்தோர் தம் சலுகையைக் காக்கவே கூக்குரலிடுகின்றனர் என்று பிரித்தானியர் எளிதில் ஒதுக்கிவிட முடிந்தது.

1929ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் சட்டநிரூபண சபையிலே டொனமூர்த் திட்டம் 19 வாக்குகள் சார்பாகவும் 17 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறிற்று. இரண்டே வாக்கு வித்தியாசத்திலே நாட்டின் வருங்காலம் மாறிற்று. இராமநாதன் சோர்ந்து விடவில்லை. மறுவருடம் இலண்டன் சென்று, யூன் மாதத்திலே குடியேற்ற நாட்டு மந்திரியிடம் விரிவான விண்ணப்பம் ஒன்றைச் சமர்ப்பித்தார். பயன் விளையவில்லை. 1930ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டிலே ஆசியாவிலேயே முதன்முறையாக ஆணும் பெண்ணும் அனைவரும் வாக்களித்த பொதுத் தேர்தல் இலங்கையில் நடைபெற்றது. அவர் விடுதலைக்காக வாதாடிய டி. எஸ். சேனநாயக்க அப்புதிய ஆட்சியிலே விவசாய மந்திரியானார்.

அவருடைய இரண்டு வாதங்களுக்கும் காலம் தனித்தனியே தீர்ப்பளித்தது. 1932ஆம் ஆண்டு மே மாதம், கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியிலே இடைத்தேர்தல் நடந்தது. துறைமுகத் தொழிலாளரும் சிறு வணிகரும் நிறைந்த தொகுதி அது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்வது. அத்தொகுதி மக்கள் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணியை அரசாங்க சபைக்கு அனுப்பினர். இராமநாதன் கட்டிய கருங்கற் கோயில் நிற்கும் அதே தெருக்களின் மக்கள், அவர் மறைந்து இரண்டாண்டு நிரம்புமுன், பெண்ணையும் பாமரரையும் பற்றி அவர் கொண்டிருந்த அச்சத்துக்கு விடை கூறினர். வாக்குப் பெற்ற ஏழை மக்களின் தேவைகளை ஆட்சியாளர் கேட்டே ஆகவேண்டிய நிலை வந்தது. 1945இலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமைக்கும் சர்வசன வாக்குரிமையே பின்பலமாக நின்றது. முதலாவது வாதம் தோற்றது, தோற்றது நன்றே.

இரண்டாவது வாதத்தின் கதை வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் குடியுரிமையையும், அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையையும் இழந்தனர். 1956இலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. சிறுபான்மையோருக்குக் காப்பாக 1947ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இருந்த 29ஆம் பிரிவு 1972இலே இல்லாமற் போயிற்று. இவை யாவும் பாராளுமன்றப் பெரும்பான்மையால், சட்டப்படியே நிறைவேறியவை. எண்ணிக்கைக்கும் நீதிக்கும் இடையிலே என்ன உறவு இருத்தல் வேண்டும் என்று 1930இலே ஒரு முதியவர் எழுப்பிய கேள்வி அவரோடு மறையவில்லை.

இராமநாதனை மதிப்பிடுவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். பழமையைப் பேணுபவர் கூறுவதெல்லாம் பழுதன்று, கூறுவதெல்லாம் பொன்னுமன்று. தலைமுறைகளின் அனுபவத்தால் விளைந்த சட்டத்தையும் சமயத்தையும் கல்வியையும் அவர் காத்தபோது நாடு முழுவதும் பயன் பெற்றது. அதே உறுதியோடு சாதியின் வேலியையும் ஆணின் தனியுரிமையையும் அவர் காக்க முற்பட்டபோது, காலம் அவரைக் கடந்து சென்றது. எதனைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்பதே பழமை பேணுவோர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் கேள்வி. அதற்கு அவர் அளித்த விடையிலே சரிபாதி பிழை உண்டு. ஆயினும் வலியவரின் முன்னே சட்டநூலை விரித்து, உயிருக்கும் பதவிக்கும் அஞ்சாது, தம் இனத்தவரல்லாத மக்களுக்காக வாதாடிய அந்த நெஞ்சுரம், எக்கொள்கையினராயினும் பெற்றிருக்க வேண்டிய பெருஞ்செல்வமாகும்.